அரிசிக்குள் பழுத்த அப்பிள்

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறந்ததும் முதலில் கண்டது பதினொரு அப்பிள் பழங்களை. ஒவ்வொன்றையும் மெல்லிய தாளில் சுற்றி, காம்பில் நூல் கட்டி, நூலில் ஓர் அட்டைத் துண்டைத் தொங்கவிட்டிருந்தேன். அட்டையில் வரிசை எண், மர எண், பறித்த நாள். அவர் ஒன்றை எடுத்துத் தாளை விலக்கி மணந்து பார்த்தார்.

"யாருக்குச் சுகமில்லை?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"ஒருவருக்குமில்லை. அக்காவுக்குக் கொண்டுபோகிறேன்."

"அக்காவுக்கு என்ன வருத்தம்?"

இலங்கையில் அப்பிள் நோயாளியின் பழம் என்பதைப் பதினான்கு வருடத்தில் நான் மறந்துபோயிருந்தேன். சுகமாக இருக்கிற ஒருவருக்கு அதைக் கொடுப்பது ஏறக்குறைய அபசகுனம். "கண் கொஞ்சம் மங்கல்" என்றேன். அது உண்மைதான். அவர் தலையை ஆட்டிப் பெட்டியை மெதுவாக மூடினார்.

நான் இங்கிலாந்தில், கென்ற் பகுதியில், பழைய அப்பிள் இனங்களைப் பேணும் ஒரு தோட்டத்தில் வேலை செய்கிறேன். தோட்டக்காரன் அல்ல. மரங்களுக்குப் பெயர்ச்சீட்டு எழுதுவதும் பதிவேட்டைப் பிழையில்லாமல் வைத்திருப்பதும் என் வேலை. ஆயிரத்துக்கு மேற்பட்ட இனங்கள். இனத்துக்கு இரண்டு மரம். கடைகளில் ஐந்தாறு வகைக்கு மேல் இப்போது கிடைப்பதில்லை. மற்றவை எங்களுடையதைப் போன்ற இடங்களில்தான் உயிரோடு நிற்கின்றன. அப்பிளுக்கு ஒரு குணம் உண்டு. விதையை ஊன்றினால் அதே பழம் வராது. வேறு ஏதோ வரும், பெரும்பாலும் வாயில் வைக்க முடியாத புளிப்பாக. நல்ல பழம் திரும்பவும் வேண்டுமென்றால் அந்த மரத்திலிருந்து ஒரு சிறு தடியை வெட்டி இன்னொரு வேரில் ஒட்ட வேண்டும். ஆகவே ஒரே பெயருள்ள மரங்கள் எல்லாம், எந்த நாட்டில் நின்றாலும், எப்போதோ எங்கோ தானாக முளைத்த ஒரேயொரு மரத்தின் துண்டுகள்.

இதையெல்லாம் அக்காவுக்குக் கடிதங்களில் எழுதியிருக்கிறேன். பதிலில் அவர் கேட்பது ஒன்றைத்தான்: "அது சரி, உனக்கு நெருப்புக் காய்ச்சல் வந்த நேரம் அப்பா கொண்டுவந்த அப்பிள் எது?"

அப்போது எனக்கு ஆறு வயது, அக்காவுக்குப் பதின்மூன்று. அப்பா கொழும்பில் ஓர் அலுவலகத்தில் லிகிதராக இருந்தார். இரவு மெயில் ரயிலில் ஊருக்கு வந்தபோது கைக்குட்டையில் முடிந்து ஒரேயொரு அப்பிள் கொண்டுவந்தார். அதுவரை எங்கள் வீட்டில் அவர் உட்பட ஒருவரும் அப்பிள் தின்றதில்லை. அந்தச் சுவையை எழுத என்னிடம் சொல் இல்லை. தோட்டத்தில் சேர்ந்த நாள் முதல் ஒவ்வொரு இனமாகச் சுவைத்துக் குறிப்பெழுதி வருகிறேன். ஒன்றுகூட அது இல்லை. பெட்டியில் கொண்டுவந்த நாலு இனங்களும், சுவை ஒத்துவராதபோதும், மிச்சமிருந்த சந்தேகங்கள்: மாதக்கணக்கில் கெடாமல் கப்பலில் போகக்கூடிய பழங்கள். அக்காவை முன்னால் இருத்தி, நாலையும் வெட்டி வைத்து, "சொல்லுங்கோ" என்று கேட்பது என் திட்டம்.

உண்மையைச் சொன்னால் அப்பிள் ஒரு சாட்டு. அக்காவைக் கண்டு பதினான்கு வருடம்.

யுத்தத்தால் வடக்குக்குப் பாதை பூட்டியிருந்த காலம். யாழ்ப்பாணத்திலிருந்து வன்னிக்கு இடம்பெயர்ந்த இடத்தில் அத்தான் காய்ச்சலில் போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. அக்கா தனியே வவுனியாவுக்குக் கடந்து வந்து, ஒரு பள்ளிக்கூடத்தில் அமைந்த முகாமில் இருந்தார். அங்கிருந்து கொழும்புக்கு வரப் பாஸ் என்ற அனுமதிச்சீட்டு வேண்டும். கொழும்பில் அவருக்குப் பொறுப்பாக ஒருவர் நிற்க வேண்டும். பொறுப்பு நிற்க நான் வந்திருந்தேன். எனக்கு இருந்தது பன்னிரண்டு நாள்.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் லொட்ஜ். முகாமையாளரும் சமையல்காரரும் ஒருவரே. காரைநகர்த் தருமர், என் வயதுக்காரர், சாரம் கட்டி, தோளில் எப்போதும் ஒரு துவாய்.

"ஐயா, முதல்ல பொலிஸ் றிப்போட். சாப்பாடு பேந்து" என்றார். "அது இல்லாமல் இஞ்சை ஒரு ஈ இலையானும் இரவு தங்கேலாது."

படிவத்தில் 'வந்த நோக்கம்' என்ற இடத்தில் 'சகோதரியைச் சந்தித்தல்' என்று எழுதினேன். அப்பிள்களை மேசையில் இனவாரியாக அடுக்கினேன். என்னிடம் எப்போதும் ஒரு சிறிய வெப்பமானி உண்டு. கென்றில் எங்கள் குளிர் அறையில் மூன்று பாகை. இங்கே முப்பத்தொன்று. இரவுச் சாப்பாடு இடியப்பம், சொதி, மாசிச் சம்பல். பதினான்கு வருடம் பாணும் வெண்ணெயும் தின்ற வாய்க்கு அந்தச் சொதி என்ன செய்தது என்று எழுதினால் என் மனைவி கோபிப்பாள்.

இரண்டாம் நாள் மாலை காலி வீதியில் ரஞ்சியின் கொமினிகேஷன் என்ற தொலைபேசிக் கடைக்குப் போனேன். பெயர்தான் கொமினிகேஷன், பார்த்தால் ஆஸ்பத்திரி வெளிநோயாளர் பிரிவு. நாலு கண்ணாடிக் கூண்டு, எதிரே உட்கார நீள மர வாங்கு, வாங்கில் வெளிநாட்டு அழைப்புக்காகக் காத்திருக்கும் சனம். முப்பது வயது ரஞ்சி பருத்தித்துறைக்காரி. ஆளின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

"சுவிஸ்! சுவிஸ் ஆர்? கெதியா வாங்கோ. கனடா, நீங்கள் இன்னும் கதைச்சு முடியேல்லையோ? அழுறதை வெளியில வந்து அழுங்கோ, ஆக்கள் நிக்கினம்."

லண்டனிலிருந்து வந்து உள்நாட்டு அழைப்புக்காக இருந்தவன் நான் ஒருவன்தான். அன்றே எனக்கு 'வவுனியா அண்ணை' என்று பெயராயிற்று.

முன்பே கடிதத்தில் பேசி வைத்தபடி நாலு மணிக்கு மணி அடித்தது.

"தம்பி?"

"அக்கா."

அவர்தான் தொடங்கினார். "என்னடா, குரல் கிழவன்ரை மாதிரிக் கிடக்கு?"

"அம்பத்தொண்டு, அக்கா."

"எனக்கு மட்டும் குறையுதே?"

பாஸ் என்ன மாதிரி என்று கேட்டேன். "வெள்ளிக்கிழமை எண்டினம். எந்த வெள்ளி எண்டு சொல்லேல்லை. அதை விடு. அப்பிள் கொண்டந்தனியோ?"

"பதினொண்டு."

"பதினொண்டோ! கடை போடப் போறியோ?"

மூன்றாம் நாள் வீதியோரப் பழக்கடையில் நின்று பார்த்தேன். கூம்பாக அடுக்கிய சிவப்பு அப்பிள்கள். கடைக்காரர் மாளிகாவத்தை முஸ்லிம். ஒவ்வொன்றாக எடுத்துச் சாரத்தின் தலைப்பில் துடைத்து மினுக்கிக்கொண்டிருந்தார். நான் ஒன்றைத் திருப்பி அதன் அடிக்குழியைப் பார்த்தேன். ஐந்து மேடு தெளிவாக இருந்தது. அமெரிக்க வகை, நிறத்துக்காகவே மீண்டும் மீண்டும் தெரிவு செய்யப்பட்டு, சுவையை வழியில் தொலைத்தது.

"என்ன சேர், அடியத் திருப்பித் திருப்பிப் பாக்கிய? மாப்பிள பாக்க வந்த மாதிரி ஈக்கே" என்றார்.

"நானா, பச்சை அப்பிள் வாறதில்லையோ?"

"வாரும். ஆஸ்பத்திரிக்கிப் போற சனம் பச்சையக் கொண்டு போவாதே சேர். நோயாளி பயந்துருவான், காயக் கொண்டாந்துட்டாங்க எண்டு."

இரண்டு வாழைப்பழம் வாங்கினேன். கதலி. லண்டனில் கிடைக்கும் பெரிய வாழைப்பழம் பத்தை அதற்குக் கொடுக்கலாம்.

நாலாம் நாள் வெள்ளிக்கிழமை. அக்காவின் வெள்ளி அது இல்லை. மேசையில், நாலு இனங்களில் ஒன்றான கோர்ட் பெண்டூ இரண்டும் மெத்தென்றாகிவிட்டன. தட்டையான சிறு பழம். ரோமர் காலத்திலேயே இருந்தது என்று சொல்லிக்கொள்வார்கள். பதிவேட்டில் அதற்கு எதிரே 'உறுதியில்லை' என்று நான்தான் எழுதி வைத்திருக்கிறேன். அத்தனை காலம் தாங்கிய இனம் வெள்ளவத்தையில் நாலு நாள் தாங்கவில்லை. வெட்டித் தருமருக்குக் கொடுத்தேன்.

"நல்லாத்தான் கிடக்கு" என்றார். "ஆருக்கு ஐயா சுகமில்லை?"

ஐந்தாம் நாள் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். கொழும்பில் அப்பா தங்கியிருந்த வீடு அங்கே. அந்த வீட்டு மகன் மரியதாஸ் துறைமுகத்தில் பெட்டிக் கணக்கெடுக்கும் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், வயது எழுபது. முச்சக்கரவண்டிச் சாரதி ஒரு சிங்கள இளைஞர். "ஐயா, நான் சொல்லும்வரை தமிழில் எதுவும் பேச வேண்டாம்" என்று புறப்படும்போதே கேட்டுக்கொண்டார். "உங்களைச் சோதித்தால் என்னையும் சோதிப்பார்கள். இன்றைக்கு எனக்குப் பின்னேரம் மகளைப் பள்ளியில் எடுக்க வேண்டும்." மூன்று சோதனைத் தடைகள் தாண்டினோம். மூன்றாவதில் வண்டி நின்றுவிட்டது; திரும்பக் கிளம்பவில்லை. நானும் ஒரு சிப்பாயும் சேர்ந்து தள்ளினோம். சிப்பாய் துவக்கை முதுகுக்குத் தள்ளிவிட்டு, "ஐயா, பாரம் முழுக்க என்னில் போடாதீர்கள்" என்றார். சிரித்தேன். தமிழில் சிரிக்கக் கூடாது என்று சாரதி சொல்லியிருக்கவில்லை.

மரியதாஸ் என்னைக் கண்டதும் அப்பாவின் பெயரைத்தான் சொன்னார். பிறகு, "இருங்க தம்பி. அதே மூக்கு. அந்த மூக்க வச்சே சொல்லிருவேன்."

அப்பிளைப் பற்றிக் கேட்டேன். கதிரையில் நிமிர்ந்தார்.

"நான்தானே வாங்கிக் குடுத்தேன்! டாஸ்மேனியாக் கப்பல் சீமைக்குப் போற வழியில இங்க நிக்கும். ஷெட்டுக்குள்ள போனா மணம் ஆளத் தூக்கும். பைன் மரப் பெட்டி, உள்ளுக்கு ஒவ்வொண்டும் கடதாசியில சுத்தி. உங்க அப்பா வந்து, மகனுக்குக் காய்ச்சல், ஒண்டு கிடைக்குமா எண்டார். ஒடஞ்ச பெட்டி ஒண்டிலேந்து எடுத்துக் குடுத்தேன்."

பையிலிருந்து மூன்று இனங்களையும் எடுத்து, அட்டைகளைக் கழற்றி, முன்னால் வைத்தேன். அவர் கண்ணாடியைத் தேடவில்லை. ஒவ்வொன்றையும் கையில் உருட்டி, மணந்து, மூன்றாவதில் நின்றார்.

"இதுதான். பச்சை, ஒரு பக்கம் செங்கட்டி தேச்ச மாதிரி. ஆயிரக்கணக்கில எண்ணியிருக்கேன் தம்பி, கை மறக்காது."

அது ஸ்டேர்மர் பிப்பின். எங்கள் தோட்டத்தில் நான் தினமும் கடந்துபோகும் வரிசையில் நிற்கிறது. கத்தியால் வெட்டினோம். அவர் ஒரு துண்டு, நான் ஒரு துண்டு. இருவருக்கும் முகம் சுளித்தது.

"புளி" என்றேன். "பத்துத் தடவையாவது சுவைத்து இது இல்லை என்று எழுதியிருக்கிறேன்."

"அன்னைக்கும் புளிதான். எங்க வீட்டில ஜேம் காய்ச்சத்தான் எடுப்போம். உங்களுக்கு எப்புடி இனிச்சுது?"

அந்தப் பழத்தின் கதையை அவருக்குச் சொன்னேன். இங்கிலாந்தின் கிழக்கே ஸ்டேர்மர் என்றொரு சிறு கிராமம். ஏறக்குறைய இருநூறு வருடத்துக்கு முன் அங்கே பிறந்த மரம். பிந்திப் பழுக்கும் இனம். சீனி ஏறுவதற்கு நீண்ட இலையுதிர்கால வெயில் வேண்டும். பிறந்த ஊரில் அந்த வெயில் வருவதற்குள் குளிர் வந்துவிடும். யாரோ அதன் தடிகளைக் கப்பலில் டாஸ்மேனியாவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அது ஓரளவு தேறியது. அங்கிருந்து உலகம் முழுக்கப் போனது.

"அப்ப பொறந்த ஊர்ல புளிக்குது, வெளிய போனாத்தான் பழுக்குது" என்றார் மரியதாஸ். "உங்க யாழ்ப்பாணத்து ஆளுங்க மாதிரி."

அவருடைய மனைவி உள்ளேயிருந்து, "வந்தவர வச்சு நக்கலடிக்காம டீயக் குடிக்கச் சொல்லுங்க" என்று சத்தமிட்டார்.

ஆறாம் நாள் அழைப்பில் அக்காவிடம் முழுவதையும் சொன்னேன். எந்தப் பழம் என்று பிடித்தாயிற்று. ஆனால் சுவை அது இல்லை.

மறுமுனையில் அக்கா சிரிக்கத் தொடங்கினார். நிறுத்த நேரமெடுத்தது.

"மடையா, அம்மா அதை அரிசிப் பானைக்குள்ளயெல்லோ தாட்டு வைச்சவ! அப்பா கொண்டந்து தர, அம்மா அமத்திப் பாத்திட்டு, 'இதென்ன, செங்காயைக் கொண்டந்திருக்கிறியள், பழுக்க வைச்செல்லோ குடுக்க வேணும்' எண்டா. மாங்காய் வைக்கிற மாதிரி. பத்துப் பன்னிரண்டு நாள் கிடந்தது. நான் ஒவ்வொரு நாளும் கையை விட்டுத் தடவிப் பாத்தனான். எடுக்கேக்க மஞ்சளாய் வந்திட்டுது. நீ காய்ச்சல்ல கிடந்தாய், உனக்கு என்ன தெரியும்?"

கூண்டுக்குள் நின்று நானும் சிரித்தேன். உலகத்தில் வேறெந்த வீட்டிலும் அப்பிளை மாங்காய் என்று அரிசிக்குள் புதைத்திருக்க மாட்டார்கள். அப்பிளின் சுவை முழுமையாக வர, பறித்த பிறகும் சிலவற்றைக் காத்து வைக்க வேண்டும் என்று எங்கள் கையேட்டில் ஒரு பக்கமே இருக்கிறது. அம்மா அதைப் படிக்காமலே செய்திருக்கிறார். டாஸ்மேனிய வெயில், கப்பலின் அடித்தட்டு, எங்கள் வீட்டு அரிசி: மூன்றும் சேர்ந்த ஒன்றைத்தான் நான் கென்றில் தேடியிருக்கிறேன்.

மிச்சமிருந்த மூன்று ஸ்டேர்மர்களில் நல்லதைத் தெரிந்து தருமரிடம் கொண்டுபோனேன். அவர் சமையலறையில் அரிசி ஒரு நீலப் பீப்பாவில் இருந்தது.

"இதுக்குள்ளயோ?"

"அஞ்சாறு நாளைக்குள்ள அக்கா வந்திடுவா."

"நாளுக்கு மூண்டு நேரம் அரிசி அளக்க இதுக்குள்ள சுண்டு விடுறனான், ஐயா. நான் உங்கடை அப்பிளையே பாத்துக்கொண்டு நிக்க?" என்றவர், பிறகு தானே முழங்கை வரை கையை விட்டு அடியில் வைத்தார்.

ஏழாம் நாள் அக்காவின் குரல் மாறியிருந்தது. வேகமாகப் பேசினார். "தம்பி, கவனமாய்க் கேள். என்ரை பேர் நாளைக்கு எடுபடும். கொழும்பில பொறுப்பு நிக்கிற ஆள் உண்மையில இருக்கோ எண்டு கேக்க, நாலரைக்கு இந்த நம்பருக்கு எடுப்பினம். நீ எடுத்து உன்ரை பேரையும் என்ன முறை எண்டதையும் சொன்னாக் காணும். அடுத்த நாள் பாஸ் கையில. நிப்பியோ?"

"மூண்டரைக்கே நிப்பன்."

"நீ அப்பிடித்தான். பள்ளிக்கூடத்துக்கும் மணி அடிக்க முந்திப் போய் நிண்டவன்."

எட்டாம் நாள் மத்தியானம் சாப்பிட்டு, குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டேன். ஒரு தொலைபேசி அழைப்புக்கு வெள்ளைச் சட்டை. இரண்டு மணிக்கு ஒழுங்கையின் இரு முனையையும் அடைத்துப் பொலிஸ் சுற்றிவளைப்பு. லொட்ஜ்களில் இருந்த ஆண்களை வெளியே வரச்சொன்னார்கள். என்னிடம் பிரித்தானியக் கடவுச்சீட்டும் பொலிஸ் றிப்போட்டும் இருந்தன. பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிட்டார்கள். பிறகு ஒருவர் என் அறையைப் பார்த்தார்.

மேசையில் மிச்ச அப்பிள்கள். காம்புகளில் எண் அட்டைகள். பக்கத்தில் என் குறிப்பேடு: பக்கம் பக்கமாக எண்கள், வரிசைகள், நாட்கள், நேரங்கள், வெப்பநிலை.

என்னையும், இப்படியொருவரை வைத்திருந்ததற்காகத் தருமரையும், பொலிஸ் நிலையத்துக்கு ஏற்றினார்கள். அங்கே மேசைக்கு அப்பால் ஓர் இளம் அதிகாரி. சுவரில் மணிக்கூடு மூன்று காட்டியது. அவர் குரலை உயர்த்தவில்லை. குறிப்பேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"பதினேழு, கோடு, இருநூற்றுப் பதினாலு. இது என்ன?"

"பதினேழாவது வரிசையில் இருநூற்றுப் பதினாலாவது மரம்."

"எந்த இடத்து மரம்?"

சொன்னேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. ஆயிரம் வகை அப்பிள் இருக்க முடியாது. இரண்டு வகைதான், சிவப்பு, பச்சை. நான் விளக்கத் தொடங்கினேன். மத்திய ஆசியாவின் மலைக்காடுகளில் அப்பிள் காட்டுமரமாக இருந்ததை, அங்கே கரடிகள் பெரிய இனிப்புப் பழங்களாகப் பார்த்துத் தின்று விதையைப் பரப்பியதை, வணிகரின் குதிரைகள் வயிற்றில் சுமந்து மேற்கே கொண்டுவந்ததை. எனக்கு ஒழுங்காகச் சொல்லித்தான் பழக்கம். இடையில் நிறுத்தத் தெரியாது. அதிகாரி பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார். அவர் நம்பத் தொடங்கியது எனக்குத் தெரிந்தது. மணி நாலேகால்.

"ஐயா, தயவுசெய்து என்னை இப்போது விட முடியுமா? நாலரைக்கு எனக்கு ஓர் அழைப்பு வரும்."

"எங்கிருந்து?"

பொய் சொல்லியிருக்கலாம். லண்டன், மனைவி என்று சொல்லியிருந்தால் கடவுச்சீட்டும் ஒத்துப்போயிருக்கும். பக்கத்து வாங்கில் இருந்த தருமர் தமிழில் வாய்க்குள், "லண்டன் எண்டு சொல்லுங்கோ, லண்டன் எண்டு சொல்லுங்கோ" என்றார்.

"வவுனியாவிலிருந்து" என்றேன்.

அதிகாரி பேனாவைத் திரும்ப எடுத்தார். வவுனியாவில் யார்? எப்போது அங்கே வந்தார்? அதற்கு முன் எங்கே? வன்னியில் எந்த இடம்? யாரோடு? ஒவ்வொன்றுக்கும் உண்மையான பதிலைச் சரியான ஒழுங்கில் சொன்னேன். ஒவ்வொரு பதிலும் இன்னொரு கேள்வியைக் கொண்டுவந்தது. மணிக்கூட்டில் நாலரை வந்து, நின்று, போனது.

ஆறரைக்கு இருவரையும் விட்டார்கள். குறிப்பேட்டையும் தந்தார்கள். வாசலில் அந்த அதிகாரி, "எல்லாவற்றிலும் இனிப்பானது எது?" என்று கேட்டார். உண்மையாக அறிய விரும்பித்தான் கேட்டார். குறிப்பேட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ரஞ்சியின் கடைக்கு ஓடினேன்.

ரஞ்சி கடையைப் பூட்டாமல் இருந்தாள். வாங்கில் ஒருவருமில்லை.

"நாலு இருவத்தொம்பதுக்கு அடிச்சது அண்ணை. ஒரு ஆம்பிளை. உங்கடை பேரைச் சொல்லிக் கேட்டார். பொலிஸில எண்டு சொன்னா அக்காவின்ரை பாஸ் துலைஞ்சுது. பேங்குக்குப் போட்டார், இப்ப வந்திடுவார் எண்டு சொன்னனான். அஞ்சு நிமிசம் பாத்திட்டுத் திருப்பி எடுத்தவர். ஆரையாவது உங்கடை பேர் சொல்லிக் கதைக்க விடுவம் எண்டு பாத்தா, ஒழுங்கையில ஒரு ஆம்பிளை மிச்சமில்லை. முழுப்பேரையும் ஏத்திப் போட்டாங்கள்."

ஒன்பதாம் நாள் அக்கா எடுத்தார். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

"உன்னை அடிச்சவங்களோ?"

"இல்லை அக்கா. மரியாதையாய்த்தான்."

"அப்பச் சரி. பேரை அடியில போட்டிட்டினம். திருப்பி மேல வர ஒரு கிழமையோ, ரண்டோ, மூண்டு மாசமோ. இஞ்சை ஆறு மாசமாய் இருக்கிற ஆக்களும் இருக்கினம்." பிறகு, "நீ நிக்க ஏலுமோ?" என்றார்.

போகாமல் இருக்கச் சொல்லி அக்கா என்னிடம் கேட்டு எனக்கு நினைவில்லை. அதுதான் முதல் தடவை.

பன்னிரண்டாம் நாள் திரும்புவதாக வேலை இடத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்திருந்தேன். பங்குனி முடிகிற நேரம், ஒட்டுக்கட்டும் காலம். பெயர்ச்சீட்டு எழுத வேறு ஆள் இல்லை. ஒரு சீட்டு மாறினால் ஓர் இனமே பெயர் மாறிவிடும். இதை அக்காவுக்கு விளக்கினேன். "ஓம், ஓம்" என்றார். "சொன்ன நாளில போகத்தானே வேணும்."

கூண்டை விட்டு வெளியே வந்தேன். ரஞ்சி, "ஒரு கிழமை நில்லுங்கோ அண்ணை. மரம் என்ன, நடந்தே போகப்போகுது?" என்றாள். வாங்கில் இருந்த ஒரு கிழவர் அவளைப் பார்த்து, "அந்தாளின்ரை அலுவல் அந்தாளுக்கு" என்றார்.

பத்தாம் நாளும் பதினோராம் நாளும் குறிப்பேட்டில் வெப்பநிலை மட்டும் இருக்கிறது. பன்னிரண்டாம் நாள் புறப்பட்டேன். மிச்சப் பழங்களை ரஞ்சியின் வாங்கில் இருந்தவர்களுக்குக் கொடுத்தேன். யாருக்குச் சுகமில்லை என்று அவர்களில் ஒருவரும் கேட்கவில்லை.

நான் கென்றுக்கு வந்து ஒன்பதாம் நாள், காலை பதினொரு மணிக்கு, பதிவேட்டு அறையில் தொலைபேசி அடித்தது.

"லண்டன்! லண்டன் ஆர்?" ரஞ்சியின் குரல். பிறகு கூண்டுக் கதவு மூடும் சத்தம்.

"தம்பி, நான் வெள்ளவத்தையில நிக்கிறன்."

பதிவேட்டை மூடிவைத்தேன்.

"முந்தநாள் பாஸ் தந்தவை. மூண்டு நாளைக்கு. தருமர் தான் இஞ்சை வந்து போன் எடுத்துப் பொறுப்பு நிண்டவர். நீ படுத்த அறையைத்தான் கேட்டு வாங்கினனான். யன்னலால கடல் தெரியுது. நீ அதைச் சொல்லேல்லையே? வெப்பநிலையெல்லாம் சொன்னாய்."

"மறந்திட்டன், அக்கா."

"அப்பிளை எடுத்தாச்சு. தோல் சுருங்கி மஞ்சளாய் வந்திருக்கு. இப்ப இஞ்சை வைச்சுத்தான் வெட்டினனான், ரஞ்சியின்ரை கத்தியால. பாதி தின்னிட்டன். அதுதானோ எண்டு கேளாதை. நாப்பத்தைஞ்சு வரியத்துக்கு முந்தினதை ஆர் கண்டது? நல்லாயிருக்கு. இனிப்பு. மற்றப் பாதியை உனக்கெண்டு தாளில வைச்சனான்." பிறகு, தனக்குத்தானே சொல்வது போல, "வெட்டின பக்கம் மண்ணிறமாய் வருது."

"காற்றுப் பட்டால் அப்பிடித்தான். அதில இருக்கிற ஒரு சத்து…" என்று தொடங்கி, நிறுத்தினேன்.

"இன்னும் எவ்வளவு நேரத்தில கறுக்கும்?"

அதன் விடை எனக்கு நிமிடக் கணக்கில் தெரியும். "கெதியாய்" என்றேன்.

"அப்ப உன்ரை பங்கையும் நான் தின்னட்டோ?"

"தின்னுங்கோ, அக்கா."

அவர் தின்றார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். பல் படும் சத்தம், மெல்லும் சத்தம், அதற்குப் பின்னால் காலி வீதியில் ஒரு பஸ் நின்று, நடத்துநர் தெஹிவளை, கல்கிசை, மொறட்டுவை என்று கூப்பிட்டு ஆள் ஏற்றும் சத்தம்.